பிரட்டுக்களத்தில் நிற்கும் கெர்னல்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. பாணந்துறை உபமின்நிலையத்து மின்மாற்றியில் குரங்கு பட்டுவிட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார்; வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரைக்கும் அந்தக் குரங்கின் புகழ் போய்ச் சேர்ந்தது. விழுந்தது எப்படி என்று கேட்டவர்கள் பலர். எழுந்தது எப்படி என்று கேட்டவர்கள் குறைவு, அந்தக் கேள்விதான் சுவையானது. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900 மெகாவாட் தரவல்லது. ஆனால் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பிக்கும், நிலக்கரியை அரைக்கும் ஆலைக்கும், உலைக்குள் காற்றை ஊதும் விசிறிக்கும் முதலில் மின்சாரம் வேண்டும். மின்சாரம் தருவதற்கே மின்சாரம் கேட்கிற பெரிய ஆள் அது. மலைநாட்டில் நிலைமை வேறு. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் ஓடும் விமலசுரேந்திர மின்நிலையம் வெறும் 50 மெகாவாட்தான். ஆனால் அதற்கு வேண்டிய சக்தி ஏற்கெனவே மேட்டில் தண்ணீராக நிற்கிறது. வாயிலைத் திறந்துவிடச் சிறு பற்றரியும் சிறு இயந்திரமும் போதும். இந்த மலைகளின் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே வாதிட்ட பொறியியலாளரின் பெயர்தான் அந்த நிலையத்துக்கு. நாடு முழுதாக இருண்டால் மீட்பு நீர்மின் நிலையங்களில் தொடங்கும். அவை கொடுக்கும் மின்சாரத்தில் அடுத்தது எழும், அதன் கையைப் பிடித்து அதற்கடுத்தது எழும். அன்றைக்கும் நுரைச்சோலை திரும்பிவரச் சில நாட்கள் பிடித்தன. அதற்குள் ஒன்றரை மணிநேர மின்வெட்டை நாடு பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மேசைமேல் இருக்கும் கணினியும் ஒவ்வொரு காலையும் இதே சிக்கலில்தான் கண்விழிக்கிறது. மின்சாரம் நின்றால் அதன் நினைவகம் துடைத்த பலகை. வன்தட்டில் உள்ள இயங்குதளத்தை, இலங்கைப் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றனவே அதை, நினைவகத்துக்கு ஏற்ற ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை ஏற்ற இன்னொரு நிரல் வேண்டும். தன் தோளில் தானே ஏறச் சொல்வது போன்ற காரியம். சப்பாத்தின் வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்ளும் கேலிக்கதையிலிருந்துதான் 'பூட்' என்ற சொல்லே பிறந்தது. தீர்வும் மின்கட்டமைப்பின் தீர்வுதான்: சிறியது எழுந்து பெரியதை எழுப்புவது. லினக்ஸ் கணினியில் இந்தச் சங்கிலியின் கடைசிக்கு முந்திய கண்ணி பூட்லோடர், கடைசிக் கண்ணி கெர்னல். கருனி என்று எழுதுவோரும் உண்டு. நான் புழக்கத்தில் உள்ள சொல்லோடு நிற்கிறேன். புதுக் கெர்னலை நிறுவிய மறுநாள் கணினி எழவில்லை என்றால், எல்லோரும் முதலில் சந்தேகிப்பது புதிதாக வந்தவரைத்தான். அது அநேகமாகத் தப்பான இடம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். கெட்டுப்போவது பெரும்பாலும் கெர்னல் இல்லை; ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடம்.

தேயிலைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கப் பிரட்டுக்களம் போதும். விடிகாலையில் ஆட்களைக் கூட்டி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்து அனுப்பும் இடம் அது. மலை என்றால் தோட்டத்துப் பேச்சில் இலக்கமிட்ட ஒரு தேயிலை நிலம். முன்பு தப்படித்து ஆட்களை அழைத்தார்கள். தப்படிப்பவருக்கு எட்டாம் இலக்க மலை எங்கே என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. பிரட்டுக்களம் எங்கே என்று தெரிந்தால் போதும். அங்கே கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேட்டோடு நிற்பார். அவர் ஒரு கொழுந்தும் கிள்ளமாட்டார். பெயரைக் கூப்பிட்டு ஆளை அனுப்புவதோடு அவர் பங்கு முடிந்தது. அதற்குமேல் மலையில் வேலை நடத்துவது கங்காணி. கணினியின் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் தப்படிப்பவர், பூட்லோடர் செக்ரோலோடு நிற்பவர், கெர்னல் கங்காணி. (கங்காணி முறையின் கடனையும் கொடுமையையும் உவமைக்காக மெழுகுவதாக யாரும் எண்ண வேண்டாம். கடன் வாங்குவது வேலை பிரிந்த ஒழுங்கை மட்டும்.) மலைக்குப் புதுக் கங்காணி வந்த மறுநாள் அங்கே கொழுந்தே எடுக்கப்படவில்லை என்று வையுங்கள். அவருக்கு வேலை தெரியாதிருக்கலாம். ஆனால் அவர் பெயர் செக்ரோலில் ஏறவே இல்லை, யாரும் அவரைக் கூப்பிடவே இல்லை என்பது அதைவிடச் சாத்தியமான விளக்கம்.

தப்படிப்பவரின் அறிவு எவ்வளவு சிறியது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இன்டெல் வகைச் செயலி மின்சாரம் வந்ததும் 4 ஜிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள முகவரிக்குப் போய் முதல் கட்டளையை எடுக்கும். அந்த இடத்தில் இருப்பது பயோஸ். பழைய முறையில் பயோஸ் தன்னைச் சரிபார்த்துக்கொண்டபின் வன்தட்டின் முதல் 512 பைட்டை மட்டும் வாசிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டும் ஒரு முத்திரை. அதற்கு முந்திய 64 பைட் வன்தட்டைப் பாகம் பிரித்த பட்டியல். மிஞ்சும் 446 பைட்டுக்குள்தான் நிரல். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்; மெய்யின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் தனித்தனியாக அதே கணக்கு. ஆக 446 பைட்டில் ஏறக்குறைய 148 தமிழ்க் குறிகள்தான் அடங்கும், அச்சில் இரண்டு வரி வந்தால் அதிகம். இரண்டு வரிக்குள் முழு இயங்குதளத்தை எழுப்பும் அறிவைத் திணிக்க முடியாது. அதனால் அந்த இரண்டு வரி, வன்தட்டில் சற்றுத் தள்ளி ஒளிந்திருக்கும் அடுத்த துண்டைக் கூப்பிடும்; அந்தத் துண்டு தனக்கு வேண்டிய மற்றவற்றைத் தேடும். ஒவ்வொரு கூப்பிடுதலும் ஒரு கைமாற்றம். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும், யார் எங்கே இருக்கிறார் என்ற தகவல் எங்கோ ஒரு மூலையில் எழுதிவைக்கப்பட்டிருக்க வேண்டும். எழுதிவைத்தது பழசாகிப்போவதுதான் இந்தத் தொழிலின் பரம்பரை வியாதி.

இதற்கு நல்ல சான்று லிலோ. 1990களில் லினக்ஸ் வைத்திருந்தவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதிய அந்தப் பூட்லோடருக்குக் கோப்பு என்றாலே என்னவென்று தெரியாது. கெர்னல் வன்தட்டில் எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்று இலக்கங்களாக எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு அந்த இலக்கங்களை வாசிக்கும். புதுக் கெர்னலை அதே பெயரில் அதே இடத்தில் வைத்தாலும் வன்தட்டில் அது கிடக்கும் துண்டுகள் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் லிலோ கட்டளையை ஓட்டி இலக்கங்களைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் கணினி எழாது. கெர்னலில் ஒரு பிழையும் இருக்காது. பதிவேடு மட்டும் பழசு. 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் இந்த இடத்தில்தான் ஒரு படி ஏறியது. வன்தட்டின் கோப்பு அமைப்பை வாசிக்க அதற்குத் தெரியும். இலக்கத்தை நம்பாமல், கெர்னலைப் பெயர் சொல்லித் தேடி எடுக்கும். லிலோவின் வளர்ச்சி 2015 இறுதியில் நின்றுவிட்டது. ஆனாலும் அதனிடம் ஓர் அருமையான பழக்கம் இருந்தது: தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை, ஒவ்வொரு படி முடியும்போதும் ஒன்றாகத் திரையில் இடும். இரண்டு எழுத்தோடு நின்றால் இரண்டாம் துண்டு வந்து சேர்ந்தது, ஓடவில்லை என்று பொருள். மூன்றோடு நின்றால் அது ஓடியது, தன் அட்டவணையை வாசிக்க முடியவில்லை. நோயாளி தன் பெயரைச் சொல்லச் சொல்ல, எந்த எழுத்தில் குரல் அடைக்கிறது என்று பார்த்து நோயைச் சொல்வது போன்ற வைத்தியம். கடைசியாகப் பேசியவர் யார் என்று பார். பழுது அவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் இருக்கும். லிலோ போனாலும் அந்த முறை போகவில்லை.

இனி, புதுக் கெர்னலை நிறுவும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கெர்னல் கோப்பு பூட் கோப்புறைக்குள் வந்து உட்காரும். அதற்கேற்ற சாதன இயக்கிகள் வேறொரு கோப்புறைக்குப் போகும். பிறகு இனிட்ராம் என்ற பொதி தயாராகும், கடைசியாகக் கிரப்பின் பட்டியலில் பெயர் ஏறும். இவற்றில் இனிட்ராமின் தேவைதான் புதியவர்களுக்குப் புரியாது. வன்தட்டை வாசிக்கும் இயக்கி வன்தட்டிலேயே இருந்தால் கெர்னல் என்ன செய்யும்? ஸ்டோர் சாவியை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அதனால் தேவையான இயக்கிகளை ஒரு பொதியாகக் கட்டி, கெர்னலோடு சேர்த்துப் பூட்லோடரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பொதியைக் கட்டுவதுதான் நிறுவலில் மெதுவான வேலை. பழைய கணினியில் நிமிடக்கணக்கில் ஓடும், முடிவில் பல மெகாபைட்டுகளை வன்தட்டில் எழுதும். இந்த நேரத்தில் மின்சாரம் போனால்? 2022 மார்ச் முடிவில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. காசல்ரீக்கு அருகே ஹட்டனிலும் நோர்வூட்டிலும் நீர்த்தேக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மக்கள் இருட்டில் இருந்தார்கள். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுவதற்கு எந்த அட்டவணையும் இல்லை. லினக்ஸின் டெபியன், உபுண்டு வகைகளில் மென்பொருள்களை நிறுவும் டிபிகேஜி என்ற கருவி, பாதியில் நின்ற நிறுவலுக்குத் தன் பதிவேட்டில் 'அரைகுறையாக அமைக்கப்பட்டது' என்றே ஒரு நிலை வைத்திருக்கிறது. தோட்டத்தில் இதற்குச் சொல் உண்டு: அரைப்பேர். வேலைக்கு வந்ததும் உண்மை, முழுப்பேர் விழாததும் உண்மை.

அரைப்பேர் கெர்னலுக்கு மின்வெட்டே வேண்டும் என்பதில்லை, இடப்பற்றாக்குறை போதும். பூட் கோப்புறைக்கு மட்டும் தனிப் பாகம் சிறிதாக ஒதுக்கியிருந்தால், பழைய கெர்னல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒருநாள் அது நிரம்பும். அன்று வரும் புதுக் கெர்னலின் கோப்புக்கு இடம் இருக்கும். அதைவிடப் பெரிய இனிட்ராமுக்கு இருக்காது. பொதி கட்டும் வேலை தோற்றுப்போகும். ஆனால் கிரப்பின் பட்டியலைத் தயாரிக்கும் நிரல், கோப்புறையில் கெர்னலைக் கண்டதும் கடமை தவறாமல் பெயரை எழுதிவிடும், பொதி பற்றிய வரி இல்லாமல். மறுநாள் கணினி அதையே தேர்ந்து எழும். திரையில் எழுத்துகள் ஓடி, மூல வன்தட்டை ஏற்ற முடியவில்லை, அது எந்தச் சாதனம் என்றே தெரியவில்லை, பூச்சியம் கமா பூச்சியம் என்று முறையிட்டுவிட்டுக் கெர்னல் கைவிரித்து நிற்கும். 'கெர்னல் பேனிக்' என்று கொட்டை எழுத்தில் வருவதால் பார்ப்பவர் கெர்னலைத் திட்டுவார். அந்த இரண்டு பூச்சியங்களைப் படிக்கத் தெரிந்தவருக்கு விளங்கும்: கெர்னல் வந்துவிட்டது, ஓடவும் செய்தது, சாவியைத்தான் யாரும் அதன் கையில் கொடுக்கவில்லை.

இன்னொரு கைமாற்றம் இதைவிட நுட்பமானது. மின்வெட்டு நாட்டில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு அமைப்புகள், மாற்றங்களை முதலில் ஒரு நாளேட்டில் குறித்துக்கொண்டு பிறகு உரிய இடத்தில் பதிக்கும். திடீரென்று மின்சாரம் போனாலும், அடுத்த முறை லினக்ஸ் அந்த வன்தட்டை ஏற்றும்போது நாளேட்டைப் படித்து விட்ட வேலையை முடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிரப் அந்த நாளேட்டைப் படிப்பதில்லை. உரிய இடத்தில் பதிந்ததை மட்டும் பார்க்கும். ஆகவே புதுக் கெர்னலை நிறுவி முடித்த கையோடு மின்சாரம் போனால், லினக்ஸின் கணக்கில் இருக்கும் கோப்பு கிரப்பின் கண்ணுக்கு இல்லாமலோ வெறுமையாகவோ தெரியக்கூடும். இரண்டு பேரும் ஒரே வன்தட்டைப் பார்க்கிறார்கள், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் சாட்சியம் பொருந்தவில்லை. பழைய கெர்னலில் ஒருமுறை எழுந்தாலே போதும், அல்லது பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி அந்த வன்தட்டை ஏற்றினாலும் போதும், நாளேடு பதிந்துவிடும். அதற்குப் பிறகு புதுக் கெர்னல் தானாகவே குணமானது போல எழும். இப்படிக் 'குணமான' கணினிகளைப் பற்றிப் பேய்க்கதை அளவுக்குப் பேச்சு உண்டு. காரணம் பேய் இல்லை, படிக்கப்படாத நாளேடு.

கடைசியாகப் பேசியவர் யார் என்ற கேள்வியை இப்போது ஒரு கறுப்புத் திரைக்கு முன் வைத்துப் பார்ப்போம். 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொல், பக்கத்தில் ஒரு குறி, வேறொன்றும் இல்லை. பலர் இதைக் கண்டதும் வன்தட்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். ஆனால் பேசுவது யார்? கிரப். அப்படியானால் வன்தட்டு உயிரோடு இருக்கிறது. முதல் 446 பைட்டும் அடுத்த துண்டும் ஓடிவிட்டன. அந்தத் துண்டு தன் மற்ற உறுப்புகளை எடுக்கப் போய்த் தோற்றிருக்கிறது, அவ்வளவுதான். குறிக்கு மேலே ஒரு வரி முறைப்பாடு இருக்கும். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அப்படி ஒரு பாகமே இல்லை என்றால், யாரோ வன்தட்டின் பாகங்களை மாற்றியிருக்கிறார்கள். ஏதோ ஒரு குறியீட்டுப் பெயரைக் காணோம் என்றால் கதை வேறு: கெர்னலோடு சேர்ந்து கிரப்பும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது, கோப்புறையில் உள்ள உறுப்புகள் புதியன, வன்தட்டின் தொடக்கத்தில் உள்ள துண்டு பழையது. ஒரு கணினியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிய வன்தட்டிலும், படியெடுத்த வன்தட்டிலும் இது நடக்கும். கிரப்பை எந்த வன்தட்டில் பதிப்பது என்று இயங்குதளம் பழைய வன்தட்டின் அடையாளத்தை அல்லவா குறித்து வைத்திருக்கிறது! அந்தக் குறியில் 'எல்எஸ்' என்று இட்டால் கிரப் தனக்குத் தெரிந்த வன்தட்டுகளையும் பாகங்களையும் அடைப்புக்குறிக்குள் வரிசையாகக் காட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பூட் கோப்புறை எதில் இருக்கிறது என்று தேடலாம். பாதை மாறியதுதான் கோளாறு என்றால், கண்டதும் அந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்து, 'நோர்மல்' என்ற உறுப்பை ஏற்றினால் வழக்கமான பட்டியல் வந்து நிற்கும். துண்டுகள் பொருந்தாத கோளாறுக்கு அது உதவாது. அதற்குப் பென்டிரைவிலிருந்து எழுந்து, வன்தட்டில் உள்ள பழைய இயங்குதளத்துக்குள் நுழைந்து, கிரப்பை மீண்டும் பதிக்க வேண்டும்.

இங்கே ஒருவர் கைதூக்கலாம்: கெர்னல் எப்போதும் நிரபராதி என்கிறீர்களா? இல்லை. புதுக் கெர்னலில் திரை அட்டையின் இயக்கி ஒத்துப்போகாமல் திரை கறுத்துப்போவதும், தனியே சேர்த்த வைஃபை இயக்கி புதுப் பதிப்புக்கு மீண்டும் கட்டப்படாமல் விடுபடுவதும் உண்மையான நிகழ்வுகள். ஆனால் இதைச் சோதிக்க ஒரு முறை கையிலேயே இருக்கிறது. கிரப்பின் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து எழுப்ப வேண்டும். பழையது எழுந்து புதியது எழவில்லை என்றால், பயோஸும் வன்தட்டும் கிரப்பும் விடுதலை. சந்தேகம் புதுக் கெர்னல் மேலும் அதன் பொதி மேலும் மட்டும். பழையதும் எழவில்லை என்றால் புதுக் கெர்னலுக்கு வழக்கில் சம்பந்தமே இல்லை. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதெல்லாம் அப்படியே விட்டுப் பார்ப்பது. ஆய்வுகூடத்தில் இதற்குத்தான் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். இது இல்லாமல் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் அதிகம். வாரக்கணக்கில் அணைக்காத கணினியை, புதுக் கெர்னலுக்காக ஒருநாள் அணைத்து எழுப்புகிறோம். இடைப்பட்ட காலத்தில் சேர்ந்த எல்லாக் கோளாறும் அந்த ஒரே காலையில் தலைகாட்டும். தாய்ப்பலகையில் காசு போல ஒட்டியிருக்கும் 3 வோல்ட் பற்றரியை எடுத்துக்கொள்ளுங்கள். மின்இணைப்பு இருக்கும்வரை அது செத்துப்போனது தெரியாது. ஒரு மின்வெட்டு வந்ததும் பழைய வகைத் தாய்ப்பலகை தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலை நிலைக்குப் போகும். நாளும் ஆண்டும் பின்னோக்கிப் போகும். எந்த வன்தட்டை முதலில் பார்ப்பது என்ற வரிசையும் மாறும். அதே நேரத்தில் நிறுவிய கெர்னல் பழியைச் சுமக்கும்.

அடுத்த மறுப்பு கணினி திருத்தும் கடைக்காரர்களுடையது, அதில் நியாயமும் உண்டு: இவ்வளவு துப்பறிவதற்குப் பதில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினால் ஒரு மணிநேரத்தில் வேலை முடியுமே. நேரக் கணக்கில் அவர்கள் சொல்வது சில வேளை சரிதான். ஆனால் பதிவேட்டில் பெயர் விடுபட்டதற்காகத் தோட்டத்தையே பிடுங்கி நடுவதற்கு யாரும் ஒப்பமாட்டார்கள். பழுது இருப்பது சில பைட்டுகளில்; அழிப்பது பாவனையாளரின் முழு வன்தட்டையும். காப்புப்படி எடுத்துவைக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் அது கல்யாணப் படங்களையும் பிள்ளைகளின் பாடக்குறிப்புகளையும் சேர்த்து எரிப்பது. இன்னொரு நட்டமும் உண்டு. காரணம் தெரியாமல் மீண்டும் நிறுவினால் காரணம் அங்கேயே இருக்கும். பூட் பாகம் முன்போலவே சிறிதாக ஒதுக்கப்படும், பற்றரி முன்போலவே செத்திருக்கும், ஆறு மாதத்தில் அதே கறுப்புத் திரை வரும்.

புதுப்பிக்காமலே விட்டால் என்ன என்பது மூன்றாவது கேள்வி. ஓடுகிற கணினியைத் தொடாதே என்பது அனுபவசாலிகளின் வாக்கு. கைமாற்றங்கள்தான் ஆபத்து என்ற என் வாதமே அவர்களுக்குத் துணை நிற்பது போலவும் தெரியும். அண்மைய வரலாறும் அவர்கள் பக்கம் சாட்சி சொல்கிறது. 2020 ஜூலையில் கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதை அடைக்க ரெட் ஹாட் அனுப்பிய திருத்தத்தால் பல கணினிகள் எழாமல் நின்றன. 2022 ஓகஸ்டில் ஆர்ச் லினக்ஸில், கிரப்பின் பட்டியல் புதிய பாணியில் எழுதப்பட, பதிந்திருந்த கிரப் பழையதாக இருந்ததால் பலருடைய கணினிகள் அதைத் தாண்ட முடியவில்லை. 2024 ஓகஸ்டில் மைக்ரோசொஃப்ட் அனுப்பிய திருத்தம், வின்டோஸும் லினக்ஸும் அருகருகே இருந்த கணினிகளில் பழைய லினக்ஸ் பூட்லோடர்களுக்குத் தடைபோட்டது. ஏதோ பெருந்தவறு நடந்துவிட்டது என்று ஒரு வரி சொல்லிவிட்டு அவை அணைந்தன. இந்த மூன்றில் ஒன்றிலும் கெர்னல் குற்றவாளி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றிலும் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ ஒரு கண்ணி மாறியது, அடுத்த கண்ணிக்குச் செய்தி போகவில்லை. தொடாதே என்பவர்களுக்குப் பதிலும் கடைசி நிகழ்விலேயே இருக்கிறது. அந்தக் கணினிகளின் உரிமையாளர்கள் லினக்ஸைத் தொடவில்லை. தொட்டது பக்கத்து வீட்டுக்காரர். பூட்லோடர் பழையதாகவே இருந்ததுதான் அங்கே பழுதுக்குக் காரணமானது.

பழைய பயோஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பாரும் உண்டு. 446 பைட் நெருக்கடி தீர்ந்தது உண்மை. புதிய தாய்ப்பலகைகளுக்கே கோப்பு வாசிக்கத் தெரியும். பூட்லோடர் தனிப் பாகத்தில் சாதாரணக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். ஆனால் எந்தக் கோப்பை எழுப்புவது என்ற குறிப்பு இப்போது தாய்ப்பலகையின் நினைவுச் சில்லில் இருக்கிறது, அந்தக் கோப்பை நம்பலாம் என்ற கையொப்பம் இன்னொருவரிடம் இருக்கிறது. பதிவேடு ஒரு மேசையிலிருந்து வேறு மேசைக்குப் போயிருக்கிறது. 2020, 2024 நிகழ்வுகளின் வேர் அந்தக் கையொப்ப ஏற்பாட்டில்தான்.

கைமாற்றத்தை ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ப வடிவமைத்தவர்கள் கைபேசிக்காரர்கள். அன்ட்ரொய்ட் கைபேசி ஒவ்வொன்றிலும் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். பொகவந்தலாவையில் லயத்து வாசலில் இருந்து மகனோடு பேசும் தாயின் கையிலும் அதுவே. 2016இல் வந்த அன்ட்ரொய்ட் 7இலிருந்து, பல கைபேசிகளில் இயங்குதளத்துக்கு இரண்டு இருக்கைகள். ஒன்றில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது மற்றதில் பதியும். பதிவின் நடுவே பற்றரி தீர்ந்தாலும் ஓடும் இருக்கைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த எழுச்சியில் பூட்லோடர் புதிய இருக்கையைச் சில தடவை மட்டும் முயன்று பார்க்கும். முழுதாக எழுந்து 'வந்துவிட்டேன்' என்று அதுவே குறி வைத்தால்தான் வேலை நிரந்தரம். குறி விழாவிட்டால் பூட்லோடர் யாரையும் கேட்காமல் பழையதை எழுப்பிவிடும். கைபேசியின் உரிமையாளருக்கு இதெல்லாம் நடந்ததே தெரியாது.

மேசைக்கணினி லினக்ஸ் இந்த அளவுக்கு இன்னும் வரவில்லை. ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னல்களை வைத்துக்கொள்ளும். டெபியன் வகைகள் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலைத் தாமாக நீக்குவதில்லை. கைபேசியின் இரண்டாம் இருக்கை இங்கே பட்டியலின் ஒரு வரியாக இருக்கிறது, தேர்வது மட்டும் மனிதரின் வேலை. உபுண்டு ஓர் உதவி செய்யும். முந்திய எழுச்சி முடிவுக்கு வரவில்லை என்று ஒரு சிறு கோப்பில் குறித்துக்கொண்டு, அடுத்த முறை, வழக்கமாக மறைத்துவைக்கும் பட்டியலை 30 வினாடி திரையில் நிறுத்தும். அதன் இரண்டாவது வரி மேலதிகத் தெரிவுகள். கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை அழுத்தி உள்ளே போனால் நேற்றுவரை ஓடிய கெர்னல் தன் பதிப்பு எண்ணோடு அங்கே காத்திருக்கும். பலர் அந்த 30 வினாடியும் கணினி உறைந்துவிட்டதென்று நினைத்து, மின்சாரப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.